சிங்கம் சிக்கிய சதுப்பு

பொக்லைன் ஓட்டுபவர்களுக்குள் ஒரு மானப் பிரச்சினை உண்டு. வண்டியைச் சுவரில் இடித்தவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். சேற்றில் மாட்டிக்கொண்டவனைச் சாகும்வரை விடமாட்டார்கள். நம் ஆபரேட்டர் ஒருமுறைகூட மாட்டியதில்லை. அதனால் தொழிலில் அவருக்குச் 'சிக்காத சிங்கம்' என்று பெயர். அதைக் கேட்டால் மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிடும். வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை என்பது வேறு விஷயம்.

அவர் மனைவி அரசாங்கத்தில் நிலங்களை வகை பிரிக்கும் அதிகாரி. பாதுகாக்க வேண்டும் என்று எப்போதோ ஒதுக்கி, என்ன வகை என்று சொல்லாமலேயே கிடப்பில் போட்ட பொது நிலங்கள் ஏராளம். அவற்றை நடந்து பார்த்து வகை எழுதுவது அந்த அம்மாளின் வேலை. முதல் வகை என்றால் யாரும் கைவைக்க முடியாது. மூன்றாம் வகை என்றால் குத்தகைக்கு விடலாம். இப்போது அவர் கையில் இருந்தது குன்றுக்கும் சாலைக்கும் நடுவே கிடந்த ஒரு பெரிய வெட்டவெளி. முன்பு வந்தவர்கள் எல்லாரும் ஜீப் போகிற கோடையில் வந்து, சாலையில் நின்றே பார்த்து, 'தரிசு' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். இவர் இறங்கி நடந்தார். மேலே காய்ந்த புல், கீழே ஆள் ஆழத்துக்கு ஈரம். ஊர்க் கிணறுகளுக்கே இங்கிருந்துதான் ஊற்று, ஆகவே முதல் வகை என்று அடித்து எழுதினார்.

அந்த நிலத்தின்மேல் கல்குவாரி முதலாளிக்கு ஒரு கண். சிங்கத்துக்குச் சம்பளம் கொடுப்பவரும் அவரே. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான் சிங்கத்தின் நிலை. 'குத்தகை கேட்பவரிடம் என் கணவர் வேலை செய்கிறார்' என்று மனைவி அறிக்கையின் தொடக்கத்திலேயே எழுதி, முடிவை ஒரு குழுவிடம் விட்டுவிட்டார். கணவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. "வீட்டுக்குள்ள ஆபீஸ் வரக்கூடாது" என்பது அவர் போட்ட சட்டம்.

ஆனால் மனைவியின் பூட்ஸ் வீட்டுக்குள் வந்துகொண்டுதான் இருந்தது. மண்ணோடு புழங்குகிறவர் என்பதால் அதைக் கழுவுவது சிங்கத்தின் பொறுப்பு. ஊரெங்கும் புழுதி பறக்கிற கோடையில் அதில் மட்டும் கரிய சேறு கணுக்கால் உயரத்துக்கு அப்பியிருந்தது. தேய்த்தாலும் லேசில் விடவில்லை. சிங்கத்துக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குழு வருவதற்கு முந்தின நாள் முதலாளி சிங்கத்தின் தோளில் கைபோட்டார். "மேற்கு ஓரமா பாறை ஓடுதுல்ல, அதுமேலயே மெஷினை ஓட்டிக் காட்டு. பார்க்கிறவங்களுக்கு எல்லாம் ஒரே தரைதான். காரியம் முடிஞ்சா புது குவாரிக்கு நீதான் மேஸ்திரி."

"சரிங்க முதலாளி" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் குழுவின் தலைவி குடை பிடித்தபடி சாலை ஓரத்தில் நின்றார். முதலாளி வாய் ஓயாமல் பேசினார். "இரும்பு மாதிரி தரைம்மா. ஆடுகூட மேயாது. எங்க மெஷின் இதுல எங்க வேணா போகும்."

"எங்க வேணாவா?"

"எங்க வேணா!"

சிங்கம் பொக்லைனில் ஏறி உட்கார்ந்தார். மனைவி கோப்போடு நின்றிருந்தார். கெஞ்சலும் இல்லை, சைகையும் இல்லை. யாரோ ஒரு ஆபரேட்டரைப் பார்ப்பது போலத்தான் அவரைப் பார்த்தார். வேறு ஒருத்தியாக இருந்தால் காதோடு காதாக ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். இப்படி ஒருத்திக்கு நான் புருஷன் என்று சிங்கத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மேற்குப் பாறையை ஒருமுறை பார்த்தார். வண்டியை நடு நிலத்துக்குத் திருப்பினார்.

முதலாளி கத்த வாயைத் திறந்தார். தானே சொன்ன வார்த்தை தொண்டையில் குறுக்கே நின்றது.

கொஞ்ச தூரம் போனதும் காய்ந்த புல் பிளந்தது. வண்டி முன்பக்கம் தலைகுனிந்தது, பிறகு சங்கிலிச் சக்கரம் முழுக்க உள்ளே போனது. சுற்றிலும் கரிய தண்ணீர் குபுகுபுவென்று மேலே வந்தது. தலைவி குடையை மடக்கிவிட்டு ஓரம்வரை போய்க் குனிந்து, அந்தத் தண்ணீரைக் கையால் அள்ளினார். "கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு?" என்றார் கூட வந்தவர்களிடம்.

சிங்கம் முழங்கால் சேற்றில் நடந்து கரையேறினார். குவாரி லாரிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "யானைக்கும் அடி சறுக்கும்ப்பா, சிங்கத்துக்குச் சறுக்காதா?" அது சுருக்கென்று தைத்தது, தைக்கவில்லை என்று சொன்னால் பொய். அங்கேயே வேலையும் போயிற்று.

அன்று மாலை வீட்டு வாசலில் கணவரின் பூட்ஸை மனைவி கையில் எடுத்தார்.

"என்னங்க, உண்மையிலேயே தெரியாமத்தான் நடுவுல விட்டீங்களா?"

"வீட்டுக்குள்ள ஆபீஸ் வரக்கூடாது" என்றார் சிங்கம்.

மனைவி அவரையே பார்த்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்தப் பூட்ஸை அவரே உட்கார்ந்து கழுவினார்.

முதல் வகை என்று உத்தரவு வந்தது. அறிவிப்புப் பலகை நட வேண்டிய நாளில் சிங்கம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த இடத்துப் பொக்லைனோடு சும்மா உதவிக்குப் போனார். காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார். "முதல் வகை நிலம் சார். மெஷின் உள்ள வரக்கூடாது."

"யாருய்யா சொன்னது?"

"உங்க வீட்டம்மாதான்."

சிங்கம் வண்டியை விட்டு இறங்கிக் கடப்பாரையை வாங்கினார். குழி முழங்கை ஆழம் போவதற்குள் அடியில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. சாலையில் போன குவாரி லாரி ஒன்று வேகம் குறைந்தது.

"என்ன சிங்கம், மாட்டிக்கிட்ட இடத்தைவிட்டுப் போக மனசு வரலயா?"

சிங்கம் நிமிர்ந்து, சேற்றுக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டார்.

"ஆமாடா, நான்தான் மாட்டினேன்! இங்கதான் மாட்டினேன்! போய் ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லு!"