பெட்டி கட்டாதவன்

காலையில் அவன் எழுந்தான். போர்வையை மடித்தான். வாளியை எடுத்துக்கொண்டு குளியலறை வரிசையில் நின்றான். முன்னால் நின்றவன் பல் துலக்கிக்கொண்டே ஏதோ கேட்டான். நுரைதான் வந்தது, சொல் வரவில்லை. இவன் பொதுவாகத் தலையாட்டி வைத்தான். குளித்தான். ஈரத் துண்டைக் கட்டில் கம்பியில் விரித்தான். நேற்றைய சட்டையையே மாட்டிக்கொண்டான். மெஸ்ஸில் ரொட்டியும் முட்டையும் வைத்தார்கள். முட்டையைத் தின்றான், ரொட்டியைத் தொடவில்லை. டீ ஆறிப்போயிருந்தது. குடித்தான்.

விடுதிதான் அன்றைக்குக் கல்யாண வீடு மாதிரி கிடந்தது. தேர்வு முடிந்து விடுமுறை தொடங்குகிற நாள். மாடிப்படியில் பெட்டிகள் தடதடவென்று இறங்கின. ஒருவன் மெத்தையைச் சுருட்டி அதன்மேல் ஏறி உட்கார்ந்து கயிறு கட்டினான். இன்னொருவன், துவைக்காத துணி அத்தனையையும் ஒரே பையில் திணித்து, "எங்கம்மாவுக்குப் பரிசு" என்றான். எல்லோருடைய முகத்திலும் ஊர் வந்து உட்கார்ந்துவிட்டிருந்தது. இவன் அறையில் மட்டும் பெட்டி கட்டிலுக்கடியில் தூசி படிந்து கிடந்தது.

வெளியுலகத்துக்கு ஆண்டில் எத்தனை பருவமோ, கல்லூரியின் பஞ்சாங்கம் வேறு. புதுப் பிள்ளைகள் சேருகிற பருவம் ஒன்று. அப்போது வளாகம் முழுக்கப் புதுச் செருப்பின் கீச்சுச் சத்தம். அடுத்தது காதல் பருவம். நூலகப் படிக்கட்டில் உட்கார இடம் கிடைக்காது, உள்ளே நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். அதற்கப்புறம் ஒருத்தன் எழுதிய ரெக்கார்டு நோட்டை ஊரே பார்த்து எழுதுகிற பருவம். பிறகு தேர்வு. சரியாக அந்த நேரம் பார்த்து மரங்கள் இலையைக் கொட்டும். கூட்டுகிறவர்களுக்கும் அப்போதுதான் விடுப்பு வேண்டும்போல. பாதை முழுக்கச் சருகு. தேர்வை எழுதிவிட்டு வருகிறவன் காலில் அது மொறுமொறுவென்று நொறுங்கும். "தோத்துப்போறதுக்கு ஒரு சத்தம் இருந்தா அது இந்தச் சத்தம்தான்" என்று ஒருமுறை அவன் தன் மனைவியிடம் போனில் சொன்னான்.

"நீ ஒழுங்கா எழுதியிருந்தா இலை ஏன்டா சத்தம் போடப்போகுது?" என்றாள் அவள்.

இளங்கலையில் அவனோடு ஒரே வகுப்பில் படித்தவள். கல்யாணத்துக்கு அப்புறமும் நீ, வா, போதான். இரண்டு வருடம் வேலைக்குப் போய் அலுத்து, மேல்படிப்புக்கு அவன் இங்கே வந்து சேர்ந்தபோது, "போ, படி, நான் எங்கம்மாகூட இருந்துக்கறேன்" என்று அனுப்பியவளும் அவள்தான். போன வருடம், இதேபோல் இலை கொட்டத் தொடங்கிய நாட்களில், தலைக்குள் ஒரு நரம்பு வெடித்து இறந்துபோனாள்.

விடுதியிலேயே கல்யாணமானவன் அவன் ஒருத்தன்தான். அதனால் சின்னப் பயல்கள் எல்லோரும் "மாமா" என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. வேறு பெயரும் வைக்கவில்லை. "இங்க பாருங்க", "ஒரு நிமிஷம்" என்று காற்றைப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டார்கள். அதுவும் அவனுக்கு வசதியாகத்தான் இருந்தது.

டீ குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வார்டன் அறைக்குப் போனான். வார்டன் சாவிக்கொத்தை மேசைமேல் கொட்டி, எது எந்தப் பூட்டுக்கு என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார்.

"லீவுல இங்கயே இருந்துக்கறேன் சார். புராஜெக்ட் வேலை இருக்கு."

"போன லீவுக்கும் இதையேதான் சொன்ன." அவர் நிமிரவில்லை. "ஊருக்கு விடுங்கன்னு அடம்பிடிக்கிறவனைப் பாத்திருக்கேன். போகமாட்டேன்னு அடம்பிடிக்கிறவன் நீ ஒருத்தன்தான்யா. உன் கைடு நேத்தே கிளம்பியாச்சு. செவுத்துக்கிட்டயா புராஜெக்ட்டைக் காட்டப்போற?"

"ஒரு ரூம் மட்டும் திறந்து விட்டீங்கன்னா..."

"நாளைக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வருது. அசையாம நின்னா உன்னையும் சேத்து அடிச்சுட்டுப் போயிடுவாங்க." சொன்ன பிறகுதான் அவர் அவன் முகத்தைப் பார்த்தார். சாவியைக் கீழே வைத்தார். "வீட்டுக்குப் போப்பா. எத்தனை நாள் இப்படி?"

அவன் அறைக்குத் திரும்பினான். போக இடமில்லாமல் இல்லை. அப்பா இருந்தார், அண்ணன் இருந்தார். அங்கே போனால் அத்தை வீட்டுக்கும் போகவேண்டும். அதைத்தான் அவன் ஒரு வருடமாகத் தட்டிக் கழித்துவந்தான். அத்தை என்றால் மாமியார். அவர் போன் செய்யும்போதெல்லாம், "கிளாஸ் இருக்கு அத்தை, இந்தத் தடவை லீவே விடல" என்பான். அவரும், "சரிங்க மாப்பிள்ளை" என்று வைத்துவிடுவார். நம்பினாரா என்பது வேறு.

அறைத் தோழன் மூச்சிரைக்க ஓடிவந்தான். அவனுக்கு விடுதியில் 'ரேடியோ' என்று பெயர். யாரும் திருகவேண்டாம், தானாகப் பாடும்.

"உங்க அத்தை வந்திருக்காங்க! கேட் பக்கத்துல நிக்கிறாங்க. நான்தான் பேசிட்டு வர்றேன்."

"என்ன பேசின?"

"ஒண்ணுமில்ல. பெட்டியோட எல்லாரும் போறதைப் பாத்து லீவான்னு கேட்டாங்க. ஆமாம்மா, இன்னைலேர்ந்துன்னேன். அப்புறம் போன லீவுக்கும் நீங்க எங்கயும் போகல, இங்கயேதான் படுத்துக் கிடந்தீங்கன்னு..." ரேடியோவின் குரல் இறங்கியது. "சொல்லியிருக்கக்கூடாதா?"

"உன்மேல தப்பில்ல."

"உங்களைப் பத்திப் பேசணும்னு நினைக்கல, வாய் திறந்தா மூட மாட்டேங்குது."

கேட்டருகே அத்தை கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. போன வருடம் பார்த்ததற்கு ஆள் பாதியாகியிருந்தார். மகளைக் கட்டியவனை இழுத்துக்கொண்டுபோன இடம் என்று இந்தக் கல்லூரியின் மேலேயே அவருக்கு ஒரு கோபம் உண்டு. இதுவரை அதன் வாசலை மிதித்ததில்லை.

"வாங்க அத்தை."

"ம்."

வகுப்புக் கட்டடத்துக்கு எதிரே ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. அதன்மேல் கிடந்த சருகுகளைக் கையால் தள்ளிவிட்டு அத்தையை உட்காரவைத்தான். அத்தை மரங்களை அண்ணாந்து பார்த்தார்.

"இவ்வளவு பெரிசா இருக்கும்னு நினைக்கல. இதையெல்லாம் யாரு கூட்டுறது?"

"தேர்வு முடிஞ்சாச்சு, இனிமே கூட்டுவாங்க."

"லீவு இல்லன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அந்தப் பையன் நான் கேட்டதையும் சொன்னான், கேக்காததையும் சொன்னான். மெஸ்ல எத்தனை ரொட்டி மிச்சம் வைக்கிறீங்கங்கிறதுகூட இப்ப எனக்குத் தெரியும்." அத்தை சிரிக்கவில்லை. "நான் சண்டைக்கு வரல மாப்பிள்ளை. என் பெரிய பையன் என்னைத் தன்கூடக் கூட்டிட்டுப் போறான். வீட்டைக் காலி பண்ணியாச்சு. பிளேன்ல போற தூரம். போனா திரும்பி வர்றது என் கையில இல்ல. போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். போன்ல கேட்டா நழுவுறீங்க. அதான் நேர்ல வந்தேன்."

என்ன கேட்கப்போகிறார் என்று அவனுக்குத் தெரியும். சாவு வீட்டிலேயே அதை ஆளுக்கு ஆள் கேட்டார்கள். கடைசியா உன்கிட்டதான் பேசினாளாமே, என்ன சொன்னா? அவன் எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னான்: ஒண்ணுமில்ல. கேட்டவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்தார்கள். அத்தை மட்டும் அந்த 'ஒண்ணுமில்ல'யைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்.

"அன்னைக்குக் காலைல எனக்கும் அவளுக்கும் சண்டை" என்றார் அத்தை. "அது உங்களுக்குத் தெரியும்."

"தெரியாது அத்தை. அவ சொல்லல."

"சொல்லாமயா இருந்திருப்பா? வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். கட்டினவன் ஒரு மூலையில, நீ ஒரு மூலையில, இதுக்குக் கல்யாணம் ஒரு கேடான்னு கேட்டுட்டேன். சாப்பிடாம எழுந்து போயிட்டா. ரூம் கதவைப் படார்னு சாத்தினா. அப்புறம் உங்களுக்குப் போன் போட்டா. வெளியில நான் நிக்கிறேன். என்ன பேசறான்னு கேக்கல, சத்தம் மட்டும் கேக்குது. சத்தமா, கோவமாப் பேசுறா. அப்புறம் பேச்சு நின்னுபோச்சு. கோவத்துல படுத்திருக்கான்னு நினைச்சு நானும் வீம்பா விட்டுட்டேன். கதவைத் தட்டவே இல்ல."

அத்தை கைப்பையின் வாரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"என்னைப் பத்தித்தானே சொன்னா? என்ன சொல்லியிருந்தாலும் பரவால்ல. பெத்தவதான், தாங்கிக்குவேன். ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு நீங்க மறைக்க மறைக்கத்தான் எனக்கு ஒண்ணொண்ணாத் தோணுது. மூஞ்சியில முழிக்கமாட்டேன்னு சொன்னாளா? எங்கம்மா செத்தாக்கூட வரமாட்டேன்னு சொன்னாளா? அதனாலதானே வீட்டுப் பக்கமே வரமாட்டேங்கிறீங்க?"

அவன் அத்தையைப் பார்த்தான். ஒரு வருடமாக இந்த அம்மாள் தன் வீட்டில் உட்கார்ந்து, மகள் சொல்லாத வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் செய்து தன்மேலேயே எறிந்துகொண்டிருந்திருக்கிறார். வாயை மூடிக்கொண்டால் தன் பாரம் தன்னோடு போகும் என்றுதான் அவன் நினைத்திருந்தான். அது அடுத்தவர் தலையில் இறங்கும் என்று தோன்றவே இல்லை. படித்தவன்தான். ஆனாலும் தோன்றவில்லை.

"உங்களைப் பத்தி ஒரு வார்த்தைகூடப் பேசல அத்தை."

"என் மனசுக்காகச் சொல்றீங்க."

"இல்ல." அவன் கீழே பார்த்தான். "அந்த வாரம் இங்க அடைமழை. காலேஜுக்கு லீவு விட்டுட்டாங்க. வாயேன்டான்னு அவ தினமும் கூப்பிட்டா. கிளாஸ் இருக்குன்னு சொன்னேன். கிளாஸெல்லாம் இல்ல."

"பின்ன?"

"தூங்கினேன்."

அத்தை அவன் பக்கம் திரும்பினார்.

"வேற ஒண்ணும் இல்ல அத்தை. பஸ்ல அவ்வளவு தூரம் வர்றதுக்கு அலுப்பா இருந்துச்சு. எப்படியும் அடுத்த மாசம் பெரிய லீவு வருது, அப்ப போய்க்கலாம்னு நினைச்சேன். மழைக்குப் போர்த்திக்கிட்டுப் படுத்தா சுகமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

சொல்லச் சொல்ல அது இன்னும் சின்னதாகிக்கொண்டே போனது. பெரிய பாவமாக இருந்திருந்தால் எங்காவது போய் விழுந்து அழுதிருக்கலாம். தூக்கத்துக்காக யாரிடம் போய் அழுவது?

"அன்னைக்கும் கிளாஸ்ல இருக்கேன்னுதான் அவகிட்டச் சொல்லிட்டிருந்தேன். மெதுவாப் பேசறேன், சார் பாத்துடுவாருன்னு வேற சொன்னேன். பின்னாடிலேர்ந்து இந்தப் பையன், நீங்க கேட்டுல பாத்தீங்களே, அவன்தான், 'மாமா, நாளைக்கும் லீவாம், நல்லா இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்குங்க'ன்னு கத்தினான். அது அவளுக்குக் கேட்டுடுச்சு."

தூரத்தில் ஒரு கூட்டம் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனது. பெட்டிச் சக்கரங்களில் சருகு சிக்கிக் கரகரத்தது. அத்தை அவர்கள் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குத்தான் சத்தம் போட்டாளா?" என்றார் பிறகு. கேட்டது கேள்வி மாதிரியே இல்லை. வெகுநேரம் தூக்கி நின்ற எதையோ கீழே வைக்கிற மாதிரி இருந்தது.

"ஆமா. என்னைத்தான் திட்டினா. உடனே போனை வெச்சுட்டா. நான் திருப்பிக் கூப்பிடல. கோவம் தணியட்டும்னு..." அவன் நிறுத்தினான். "மறுபடி தூங்கிட்டேன்."

அத்தை தன் கையைத் தூக்கினார். அடிக்கப்போகிறார் என்று அவன் நினைத்தான். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அந்தக் கை அவன் தோளில் வந்து உட்கார்ந்தது. எடையே இல்லை.

"நானும் கதவைத் தட்டல, நீங்களும் போன் போடல" என்றார். "நாம ரெண்டு பேருமே அவ கோவம் தணியட்டும்னுதான் விட்டுட்டோம்."

அவன் பெஞ்சின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு சருகைக் கிள்ளி எடுத்தான்.

"சிரிச்சுக்கிட்டுத் திட்டினாளா, நிஜக் கோவமா?"

"தெரியல அத்தை. அதைத்தான் நானும் ஒரு வருஷமா யோசிக்கிறேன். ஒரு நாள் சிரிப்பு மாதிரி இருக்கு, ஒரு நாள் இல்ல."

"அவ திட்டினா எனக்குத் தெரியும். பேச ஆரம்பிச்ச நாள்லேர்ந்து திட்டு வாங்கினவ நான். அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க. ஒரு வார்த்தை கூட்டாம, குறைக்காம."

அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். இந்த ஒரு வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் எங்கே இழுத்தாளோ அங்கே இழுத்து, எங்கே நிறுத்தினாளோ அங்கே நிறுத்திச் சொன்னான்:

"உங்க காலேஜ்ல மழை பெஞ்சா லீவு, வெயிலடிச்சா லீவு, தண்ணி வரலன்னா லீவு. நான் கூப்பிட்டா மட்டும்தான் லீவு இல்ல. போடா."