எஞ்சினை நிறுத்து, அக்கா

என் அக்கா சிர்க்காவுக்கு எங்கள் கப்பல் ஹில்லாவைக் கண்டாலே ஆகாது. "கோடையில எண்ணெய்க் கிணத்துக்குக் கூலி வேல, குளிர் வந்தா ஐஸ் உடைக்கிற வேஷம். ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால், அதெல்லாம் ஒரு கப்பலாடா?" என்பாள். சொல்லிவிட்டுப் போகட்டும். பின்பக்கத்து அகன்ற தளத்தில் குழாய்களை ஏற்றிக்கொண்டு வடகடலுக்குப் போவதும் ஹில்லாதான், மழுங்கிய மூக்கால் பனிமேல் ஏறி உட்கார்ந்து நொறுக்குவதும் ஹில்லாதான். இரண்டு வேலை செய்கிறவனுக்கு ஏச்சும் இரண்டு மடங்கு.

அந்த வியாழக்கிழமை, வாராவாரம் அன்றைக்குப் போடும் பட்டாணி சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். தென்மேற்குக் காற்று, வளைகுடாப் பனி முழுவதையும் எங்கள் கெமி துறைமுகத்துப் பக்கம் நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. நடுவில் மரம் ஏற்றிய மார்ட்டா மாட்டிக்கொண்டு கிடந்தது. சின்ன சரக்குக் கப்பல். அதன் கேப்டன் என் அக்கா. பனி அதைக் கவ்வியபடியே பாறைத் திட்டை நோக்கி இழுத்துப் போனது. திட்டில் ஏறினால் அடிவயிறு கிழியும். படகு இறக்கத் தண்ணீர் கிடையாது, நடந்து தப்ப அந்த நொறுங்கல் பனியை நம்பவும் முடியாது.

எங்கள் கேப்டன் கெம்ப்பி வழக்கமான வைத்தியத்தைச் செய்து பார்த்தார். மார்ட்டாவை ஒட்டி ஓடிப் பனியைத் தளர்த்தினோம். நாங்கள் கடந்த மறுகணமே வழி மூடிக்கொண்டது. மறுபடி போனபோது நாங்களே சிக்கி, கப்பலின் பக்கத் தொட்டிகளில் இருக்கும் தண்ணீரை இடமும் வலமுமாக மாற்றி, கப்பலை ஆட்டி ஆட்டி வெளியே வந்தோம். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"பின்பக்கமாவே போய் மார்ட்டா மூக்க நம்ம பிளவுல கவ்விக்க வேண்டியதுதான்" என்றார் கெம்ப்பி.

பிளவு எங்கள் பின்முனையில் இருக்கிறது. சிக்கிய கப்பலின் மூக்கை அதில் செருகி, கம்பி வடத்தால் கட்டி இழுத்துப் போவோம். அதற்குக் கீழேதான் எப்பக்கமும் திரும்பும் இரண்டு உந்திகள், கப்பலைத் தள்ளும் விசிறிகள். பின்னோக்கிப் போனால் அவை பனிமேட்டைக் கடித்துத் துப்பிவிடும். ஆனால் மார்ட்டா முன்னால் பாய்ந்து அவற்றில் மோதினால் இரண்டு கப்பலும் போச்சு.

கெம்ப்பி என்னைப் பார்த்தார். "தைஸ்தோ, பனி விட்டதும் உங்க அக்கா அசையாம நிப்பாங்களா?"

"மாட்டா, கேப்டன். பனி விட்டா உடனே முழு வேகம். எத்தன குளிர்காலப் பழக்கம்! அவ கை கேக்காது."

"அப்போ இப்பவே எஞ்சின நிறுத்தச் சொல்லு."

பனியில் சிக்கியவனை எஞ்சினை நிறுத்தச் சொல்லும் ஆள் எங்கள் கடலில் கிடையாது. அந்த எஞ்சின் எதிர்த்துத் தள்ளுவதால்தான் மார்ட்டா இன்னும் திட்டில் ஏறாமல் இருந்தது. ரேடியோவை எடுத்தேன்.

"அக்கா, எஞ்சின நிறுத்து."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு? திட்டு தெரியுதாடா?"

"தெரியுது. பின்பக்கத்தக் காட்டிக்கிட்டு உன் மூக்குக்கு வரோம். நீ ஒரு அடி பாஞ்சாலும் எங்க உந்தி உடஞ்சிரும். நிறுத்துக்கா."

நான் சொல்லி அவள் எதைக் கேட்டிருக்கிறாள்?

"அப்புறம் கிளப்பிக்கலாம்க்கா. நான் இருக்கேன்ல!" என்று கத்தினேன்.

"சரி" என்றாள்.

மார்ட்டாவின் புகைபோக்கியில் புகை நின்றது. கப்பல் இன்னும் வேகமாகத் திட்டுப் பக்கம் சரிந்தது. பின்பக்கக் கட்டுப்பாட்டில் நின்று ஹில்லாவை ஓட்டியது நான்தான். உந்திகள் பனிமேட்டை அரைத்தன, தளம் உதறியது, பல்லெல்லாம் கூசியது. பனி திடீரென்று விட்டது. மார்ட்டா பாயவில்லை. மூக்கு பிளவில் வந்து உட்கார்ந்தது, ஆட்கள் வடத்தை மாட்டினார்கள். இழுத்தோம். திட்டு மெல்லப் பின்னால் போனது.

கெமி துறைமுகம் கண்ணுக்குத் தெரிந்ததும் ரேடியோவில் சீண்டினேன். "ஐஸ் உடைக்கிற வேஷம் எப்படி? இனி எஞ்சினக் கிளப்பு, வடத்தக் கழட்டுறோம்."

"கிளம்பாதுடா. இழுவப்படகு கேட்டு வை."

"ஏன்?"

"எஞ்சினக் கிளப்ற காத்து சிலிண்டர் எல்லாம் காலி. காலைல இருந்து முன்ன பின்ன மாத்த, நிறுத்தி நிறுத்திக் கிளப்பியே தீந்துபோச்சு. காத்து அடைக்கிற மிஷினும் செத்துருச்சு. கடைசித் தடவ கிளப்புனதத்தான் ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

"நிறுத்தினா திரும்ப ஓடாதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அட பாவி! சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா உனக்குக் கை நடுங்கியிருக்கும்."

அப்போது நடுங்காத கை இப்போது நடுங்கியது. ரேடியோவை மாட்ட இரண்டு தரம் முயன்று முடியாமல், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.