சுள்ளித் தீ

பெரிய மாமா மூன்றாவது கட்டையைக் கூடத்துக் கணப்பு அடுப்புக்குள் திணித்துக்கொண்டிருக்கும்போதே, மருமகள் குனிந்து முதல் கட்டையை வெளியே எடுத்தாள்.

மாமனாரை அடக்கம் செய்துவிட்டு அப்போதுதான் எல்லோரும் திரும்பியிருந்தார்கள். மலைக் குளிரில் கூடம் சில்லிட்டுக் கிடந்தது. யாரும் கோட்டைக் கழற்றவில்லை. பெரிய மாமா இறந்தவரின் அண்ணன். அரசு அதிகாரியாக இருந்த காலத்தில் பாலம், குழாய், கழிப்பறை என்று எது அகப்பட்டாலும் திறந்து வைத்துப் பேசியவர். ஓய்வுபெற்ற பிறகு அகப்பட்ட முதல் திறப்பு விழா இது.

"என் தம்பி உயிர் கொடுத்த அடுப்பு. அவன் மூட்ட நெனச்ச தீயை இன்னிக்கு நான்..."

"இப்ப வேண்டாம் மாமா."

உரை பாதியில் நின்றது. அவருடைய பொதுவாழ்வில் அப்படி நடந்ததில்லை.

"மூட்டுல வச்ச சிமெண்டு இன்னும் ஈரமா இருக்கு. மொதல்ல சுள்ளி போட்டுத்தான் காய வைக்கணுமாம். எடுத்த எடுப்புல கட்டையப் போட்டா வெடிச்சு விட்டுடும்."

"உனக்கு என்னம்மா தெரியும்?"

தெரியும். பழைய இரும்புக் கடையில் துருவேறிக் கிடந்த அந்த வார்ப்பிரும்பு அடுப்பை வாங்கி வந்து மாமனார் தகடு தகடாகக் கழற்றியபோது டார்ச் பிடித்தவள் அவள்தான். துருவைச் சுரண்டும்போது தகட்டின் ஒரு முனையில் கம்பி பிரஷ்ஷோடு அவர், மறுமுனையைப் பிடித்தபடி அவள். "இந்தப் பக்கம்", "இன்னும் கொஞ்சம்" என்பதைத் தாண்டி இருவரும் பேசிக்கொண்டதில்லை. முந்தாநாள் தகடுகளை முடுக்கி, இடுக்குகளில் சிமெண்டை விரலால் அப்பிவிட்டுப் படுத்தார். விடிந்தபோது எழவில்லை.

"செத்த வீட்டுக்கு வந்தவங்கள நடுங்க விடறா பாரு," என்றாள் மாமனாரின் தங்கையான அத்தை. "ரெண்டு கட்டைக்குக் கூடவா கஞ்சத்தனம்!"

மருமகள் கணவனைப் பார்த்தாள். அப்பா இறந்த செய்திக்கும் பெரியப்பாவின் உரைக்கும் அவன் ஒரே முகத்தைத்தான் வைத்திருந்தான்.

"விடேன். ஒரு தீதான?"

அவள் மிச்சக் கட்டைகளையும் எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, அடுப்பின் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள்.

பெரிய மாமா இரங்கல் உரைக்குத் தாவினார். குளிர் மட்டும் இல்லையென்றால் அது மாலை வரை போயிருக்கும். தம்பியின் பிள்ளைப் பருவத்தைத் தாண்டுவதற்குள் பற்கள் தந்தியடிக்க ஆரம்பித்தன. ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அத்தை மட்டும் வாசலில் நின்று இன்னொரு தடவை திட்டிவிட்டுப் போனாள்.

வீடு காலியானது. கணவன் அவளருகே வந்து நின்றான்.

"எவ்ளோ சுள்ளி?"

"ஒரு கைப்பிடி. ஜன்னலத் தெறந்துடுங்க, அடுப்புக்கு அடிச்ச புது பெயிண்ட் சூட்டுல நாறும்."

திறந்தான். இருந்த கொஞ்சநஞ்ச வெதுவெதுப்பும் வெளியே போனது. தீ சின்னதாகப் பிடித்தது. சற்று நேரத்தில் மூட்டுகளின் ஓரமாக நீர் முத்து முத்தாக வியர்த்தது.

"ஒழுகுதே!"

"ஈரம் வெளிய வருது."

அவன் சட்டைக் கையால் துடைத்தான். மறுபடி வியர்த்தது. மறுபடி துடைத்தான். அவள் இன்னொரு சுள்ளியை ஒடித்தாள்.