வெங்காய மார்ஷலின் தலை

1.

இந்தக் கதை ஒரு பலூனில் தொடங்கியது என்று எழுதிப் பார்த்தேன். அழகான தொடக்கம். ஆனால் பொய். இது தொடங்கியது, மத நீதிமன்றத்துக்கு நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்க வாக்குமூலத்தில்.

பதினெட்டு வருடமாகக் கதை எழுதுகிறேன். பெய்ரூத்தில் என் புத்தகங்களை வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த இரண்டு பக்கத்தை மட்டும் மூன்று குருமார்கள் வரிவரியாகப் படித்தார்கள். படித்துவிட்டு என் தம்பி கத்தாஸிடம் அவன் மகள் பெர்லாவைக் கொடுத்தார்கள். பெர்லாவின் அம்மா ஹியாமுக்குக் கிடைத்தது சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம், மடத்தின் வரவேற்பறையில், ஒரு கன்னியாஸ்திரீயின் கண் எதிரே. கத்தாஸ் வீட்டுப் படியை அவள் மிதிக்கக் கூடாது.

(கதை எழுதுகிறவர்கள் சாட்சி சொல்லக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டிருக்கலாம்.)

2.

புனித பார்பரா திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு ஹியாம் என் கதவைத் தட்டினாள். கண்கள் சிவந்து, உதடு நடுங்க, அவள் என்னை—

வேண்டாம். அவள் அழவில்லை. கையில் ஊதாத பலூனும் ஒரு பை நிறைய வெங்காயச் சருகும் வைத்திருந்தாள்.

"உன் அடுப்படி வேணும், நவால். என் ரூம்ல இன்னும் நாலு நர்ஸுங்க. பசை காய்ச்ச எடமில்ல."

"என்ன செய்யப் போற?"

"வெங்காய மார்ஷல்."

பெர்லாவுக்கு உயிரான கார்ட்டூன் வில்லன் அவன். வெங்காயத் தலை, முறுக்கு மீசை. குழந்தைகளை அழவைத்துக் கண்ணீரைப் புட்டியில் பிடித்து வைப்பவன். அவன் குரலில் மிரட்டித்தான் ஹியாம் மகளுக்குச் சாப்பாடு ஊட்டுவாள்.

பார்பரா அன்று மாலை முகமூடி போட்டவர் எந்த வீட்டு விருந்துக்குள்ளும் நுழையலாம். வாய் மட்டும் திறக்கக் கூடாது. வீட்டார் மூன்று முறை ஊகிப்பார்கள். சரியாகச் சொல்லிவிட்டால் முகமூடியைக் கழற்ற வேண்டும். சொல்லாவிட்டால் முகமூடிக்கு வெற்றி, ஒரு கிண்ணம் இனிப்புக் கோதுமை.

"கத்தாஸ் கண்டுபிடிச்சா சனிக்கிழமையும் போயிடும்டி, பைத்தியக்காரி."

"தோஹா ஆஸ்பத்திரி கான்ட்ராக்ட் கைல இருக்கு. மூணு வருஷம். மடத்துல பெர்லா என்னைப் பாத்து 'எப்படி இருக்கீங்க'ன்னு கேக்கறா, விருந்தாளியக் கேக்கற மாதிரி. ஒரே ஒரு தடவை வீட்டுல அவ பக்கத்துல போய் நிக்கறேன். என்னைத் தெரிஞ்சா, அவ வாயால சொல்லவே வேணாம், கண்ணப் பாத்தாலே எனக்குப் புரியும். அப்ப இங்கயே இருந்து அப்பீல் போடறேன். தெரியலைன்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

3.

பலூனை ஊதினோம். மாவுப் பசை காய்ச்சினோம்.

"பேப்பர் இருக்கா?"

என் வீட்டில் பேப்பருக்கா பஞ்சம்? அச்சேறாத கதைகளை அள்ளிக் கொடுத்தேன். அதில் வாக்குமூலத்தின் நகலும் இருந்தது. அவள் நின்றபடியே படித்தாள். 'விளக்கில்லாத வீட்டில் ஆறு வயதுக் குழந்தையை எரியும் அடுப்போடு தனியே விட்டுப் போவது அவள் வழக்கம்.'

"நல்லா எழுதியிருக்க. 'வழக்கம்'னு எதுக்குப் போட்ட?"

நான் பசையைக் கிளறினேன்.*

அவள் அந்தத் தாளை நீளநீளமாகக் கிழித்து, முதல் அடுக்காக, எழுத்து பலூனைப் பார்க்க ஒட்டினாள். "உள்பக்கம் இருக்கட்டும். எம் மூஞ்சிக்கு நேரா."

ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் ஏற்றுவது போல, வெங்காயச் சருகைக் கொதிக்க வைத்து ஒரு படுக்கை விரிப்பை முக்கினோம். அங்கி தயார். தலைதான் காயவில்லை. டிசம்பர் ஈரம். முடி உலர்த்தும் மிஷினைப் போட்டதும் ஜெனரேட்டர் லைன் தாங்காமல் கீழ்த்தளத்தில் சுவிட்ச் விழுந்து வீடு இருண்டது.

"நான் கீழ போய் போட்டுட்டு வரேன்," என்று செல்போன் வெளிச்சத்தில் படியிறங்கினாள். அடுப்பில் பசை கொதித்துக்கொண்டிருந்தது. நான் இருட்டில் உட்கார்ந்து அடுப்பு வெளிச்சத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். போய்வர நான்கு நிமிடம். வாக்குமூலத்தில் நான் எழுதிய அன்றைக்கும் அவள் இதற்காகத்தான் கீழே இறங்கியிருந்தாள். ஒரே ஒரு நாள். எனக்கு அது அப்போதே தெரியும். எழுதவில்லை.

* உண்மையான பதில்: அந்தச் சொல் இல்லாமல் வாக்கியம் நொண்டியது.

4.

முதல் பிரதியில் பெர்லா ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கிழித்தேன். இரண்டாவதில் கத்தாஸ் தலையைப் பிடுங்கி, உள்ளே என் எழுத்தைப் படித்துத் திகைத்தான். சினிமா. அதையும் கிழித்தேன். நடந்தது இதுதான்.

பார்பரா மாலை, கத்தாஸ் வீட்டுக்குள் மார்ஷல் வந்ததும் பிள்ளைகள் கத்திக் குதித்தார்கள். ஈரத் தலை தொய்ந்து, கண்ணுக்கு வெட்டிய ஓட்டை அவள் வாய்க்கு இறங்கியிருந்தது. மகளின் கண்ணைப் பார்க்க வந்தவளுக்குத் தன் செருப்புகூடத் தெரியவில்லை. காது மட்டும் கேட்டது.

"யாருக்கா இந்தத் தடியன்?" என்று சிரித்தான் கத்தாஸ். "பெர்லாக்குட்டி, நீ சொல்லு. மூணு சான்ஸ்."

பெர்லா ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அங்கியை மோந்து பார்த்தாள்.

"கடைக்கார அந்தூன் மாமா."

வெங்காயத் தலை 'இல்லை' என்று ஆடியது.

"மேல்வீட்டு ரெய்மோன்."

மறுபடி ஆடியது. பெர்லா என் பக்கத்தில் வந்து நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டு, வெங்காயத் தலையை அண்ணாந்து பார்த்தாள்.

"நவால் அத்தை!"

வீடே சிரித்தது. "அடி மண்டு! அத்தை கையத்தானே புடிச்சிட்டு நிக்கற!"

பெர்லா சிரிக்கவில்லை. கிண்ணத்தை அவளே கொண்டுபோய் மார்ஷலின் கையுறை போட்ட கைகளில் வைத்தாள். "ரெண்டு கையாலயும் புடிச்சுக்கோ. கொட்டிடும்."

5.

படிக்கட்டில் ஹியாம் தலையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். என் எழுத்தின் மை அவள் நெற்றியில் ஒட்டியிருந்தது.

"பக்கத்துல நிக்கற உன் பேரு வருது. எம் பேரு வரல, பாத்தியா?"

கையெழுத்துப் போட்டுவிட்டாள். நாளைக் காலை பதினோரு மணிக்கு விமானம்.

பெர்லா மண்டு இல்லை. பக்கத்தில் நிற்பவளின் பெயரைச் சொல்லிக் கடைசி வாய்ப்பை எதற்காக வீணாக்குவாள்? முகமூடி கழன்றுவிடக் கூடாது என்று நினைத்தவள்தான் அப்படிச் செய்வாள். (அல்லது குழந்தை ஏதோ உளறியது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நான் கேட்கவில்லை.) மடத்தில் அம்மாவையே விருந்தாளி போல 'நீங்க' என்றவள் அன்று 'புடிச்சுக்கோ' என்றாள்.

ஹியாமிடம் சொன்னால் அவள் போகமாட்டாள். போகாவிட்டால் அப்பீல். அப்பீல் என்றால் அந்த இரண்டு பக்கத்தை மறுபடி திறப்பார்கள். நான் எழுந்து நின்று, அது நான்கு நிமிடம், ஒரே ஒரு நாள் என்று சொல்ல வேண்டும். எனக்குப் பயம். வேறு நல்ல சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மார்ஷலின் தலை என் மேசைமேல் இருக்கிறது. இப்போது நன்றாகக் காய்ந்துவிட்டது. பக்கத்தில் செல்போன். நான் மூன்றாம் பிரதி எழுதிக்கொண்டிருக்கிறேன். இதற்கு முடிவு எழுத மாட்டேன், வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பெர்லா என்ன செய்தாள் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ஹியாமுக்குத் தெரியாது.