சங்குக்குப் பிரிவுபசார விழா

கார்வின் நகரத்தின் அறுநூற்றுப் பன்னிரண்டு குடிமக்களுக்கும் அவர்களுடைய நாய்களுக்கும் மேயர் அலுவலகம் பேருவகையுடன் தெரிவித்துக்கொள்வது: எழுபத்தோரு ஆண்டுகள் இவ்வூரைக் காத்த தீயணைப்புச் சங்கு, வரும் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு முழு மரியாதையுடன் ஓய்வு பெறுகிறது. விழா முடிவில் மேயர் அவர்கள் தம் திருக்கரத்தால் அதைக் கடைசியாக ஒருமுறை ஊதவைப்பார். கேக் உண்டு.

இந்த அறிவிப்பைத் தீயணைப்பு நிலையக் கதவில் ஒட்டியவன் நான்தான். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருடமாகச் சம்பளமில்லாத தீயணைப்பு வீரன். எங்கள் பதினான்கு பேருக்கும் அதே சம்பளம்தான். சங்குக்கு முன்னால் தேவாலய மணி இருந்ததாம். சங்கு வந்த பிறகு, தீ என்று யார் போன் செய்தாலும் ஏழு வீரர்களின் வீடுகளில் ஒரே நேரத்தில் மணி அடிக்கும். ஆண்கள் வயலில் இருப்பார்கள். போனை எடுத்து, இடம் கேட்டு, தன் சமையலறைச் சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்திச் சங்கை ஊதவைத்தவள் வெர்னா கோல்டர்மன். இருபத்தாறு வருடம். காய்ச்சலில், கைக்குழந்தையோடு, புருஷனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று மாலையும்கூட. பிறகு மாவட்டத் தலைநகரில் ஓர் அறையிலிருந்து எல்லோரையும் கூப்பிடும் ஏற்பாடு வந்தது. வெர்னாவின் பொத்தானைப் பிடுங்கிக்கொண்டு, சுவரில் நாலு துளைகளை விட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் இடுப்பில் பேஜர் ஏறியது. அதையும் போன வாரம் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பியாயிற்று. இனி கைபேசியில் செயலி.

முன்னேற்றம் என்றார்கள். ஆற்றங்கரையில் மேயர் ராண்டல் ஹாய்ட் கட்டிய விடுதியைப் பற்றி யாரும் பேசவில்லை. தினமும் நண்பகலில் சோதனைக்கு ஊதும் சங்கு அவருடைய விருந்தினர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறதாம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தூங்குகிறவர்களுக்காக ஓர் ஊரே வாயைப் பொத்திக்கொண்டது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கே வெர்னா இரண்டு பெரிய தட்டுகளில் சாக்லேட் கேக்கோடு வந்தாள். எழுபத்தாறு வயது. சுவரில் பதித்திருந்த புதுப் பித்தளைப் பலகையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். மேயர்கள், தீயணைப்புத் தலைவர்கள், இருபத்து மூன்று ஆண்கள். ஏற்பாடுகளைப் பார்க்க மேயரும் வந்திருந்தார்.

“ஏன் ராண்டல், உன் பேரு மட்டும் ரெண்டு தடவ இருக்கு?”

“ரெண்டு தடவ மேயரா இருந்தேன்ல, வெர்னா.”

“ஆமாமா. ரெண்டு தடவயும் தீயெல்லாம் உன் பேரக் கேட்டதும் தானா அணைஞ்சு போச்சு.”

கேக்கைத் துண்டு போட்டு வைத்தாள். “துணி மெஷின்ல ஓடுது” என்று கிளம்பினாள். இருந்துவிட்டுப் போங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

பதினொரு மணிக்கு மேயர் உடை மாற்றிக்கொண்டு மீண்டும் வந்தார். ஒரு தீப்பொறியும் பார்த்திராத புத்தம்புதுத் தீயணைப்புக் கோட்டு. வண்டிக்கு ரிப்பன் கட்டி, அதன் முன்னால் எட்டு வரிசை நாற்காலி போட்டிருந்தோம்.

“தம்பிங்களா, போனையெல்லாம் சத்தமில்லாம வைங்கப்பா. டிவிக்காரங்க படம் எடுக்கறாங்க.”

பதினான்கு கைபேசிகளும் வாயை மூடின. அதன் பிறகு அவர் செயலியின் பெருமையைப் பேசினார். “இனி ஒரு நொடிகூட வீணாகாது” என்றபோது, தலைக்கு மேல் சங்கு அலறத் தொடங்கியது.

எல்லோரும் எழுந்து கைதட்டினோம். தான் அழுத்தாத சங்கு எப்படி ஊதுகிறது என்று மேயருக்கு ஒரு கணம் குழப்பம். பிறகு அதுவும் தன் புகழ்தான் என்று முடிவு செய்து கையசைத்தார். எங்கள் தலைவர் ட்வேன் விறைப்பாக சல்யூட் வைத்தார். திரும்பினேன். மேயர் அழுத்த வேண்டிய பின்சுவர்ப் பொத்தானில் உள்ளங்கையை அழுத்தியபடி வெர்னா நின்றாள். ஒரு காலில்தான் செருப்பு. கன்னத்தில் கரி. வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. “இவங்க ஊதறதுதான் பொருத்தம்” என்று என் காதில் யாரோ கத்தினார். டிவிக்காரப் பெண் கேமராவை அவள் பக்கம் திருப்பி, கொஞ்சம் சிரியுங்கள் என்று சைகை காட்டினாள். அப்போதும் நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

வெர்னா கையை எடுத்தாள். சங்கு முனகி முனகி அடங்கியது.

“என் வீடு எரியுதுடா, மடப்பசங்களா! கால் மணி நேரமா மாவட்டத்துலேருந்து கூப்பிடறாங்க, உங்க போனையெல்லாம் எங்கடா புதைச்சு வச்சிருக்கீங்க?”

எட்டு வரிசை நாற்காலியை அகற்றி, ரிப்பனை அறுத்து, இரண்டு தெரு தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது கூரை உள்ளே விழுந்திருந்தது. சமையலறைச் சுவர் மட்டும் கறுத்து நின்றது. துணி உலர்த்தும் மெஷினில் பிடித்த தீ.

“யாருக்கும் ஒண்ணும் ஆகல வெர்னா, கடவுள் கிருபை” என்றார் மேயர்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தாள். “என் கேக் தட்டு ரெண்டும் அங்க இருக்கு. கழுவி எடுத்துட்டு வா. இப்போதைக்கு என் வீட்டுச் சாமான்னு இருக்கிறது அது ரெண்டுதான்.”

நிலையத்துக்கு நடந்தேன். வழியில் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். எச்சரிக்கை பதினொரு மணி மூன்று நிமிடத்துக்கே வந்திருந்தது. முகவரி, வரைபடம், வெர்னாவின் பெயர், எல்லாம் பிழையில்லாமல். செயலியைக் குறை சொல்ல வழியே இல்லை.

கேக் தீர்ந்திருந்தது.