வலிக்கவில்லை என்று சொன்னவள்

மாகா படகிலிருந்து கொண்டுவந்த மீன்கள் வாழையிலைமேல் கிடந்தன. ஒன்றிரண்டு இன்னும் வாலை அடித்துக்கொண்டிருந்தன. நிறைமாத வயிற்றோடு மெல்ல உட்கார்ந்த லோசே செதிலைச் சுரண்டினாள், செவுளைப் பிடுங்கினாள். வயிற்றைக் கீறவேண்டிய இடம் வந்ததும் கத்தியைப் புருஷன் பக்கம் நீட்டிவிட்டாள்.

"இந்தா, இதை நீயே பண்ணு."

"என்னடி, மீனு உன் விரலைக் கடிச்சிருமா?" மாகா சிரித்தான். "கண்ணை மூடிக்கிட்டு கூடை மீனை அரிவா எம்பொண்ணுன்னு உங்கப்பா பீத்திக்கிட்டாரு. நானும் நம்பிக் கட்டிக்கிட்டேன்."

"அப்பா பொய் சொன்னாரு. போய்க் கேளு, போ."

அவளும் சிரித்துவைத்தாள். மூத்தவள் அமேலியா பிறந்த பிறகு லோசே ஒரு மீனின் வயிற்றையும் கீறியதில்லை. கத்தி முனை தோலில் இறங்குவது கைக்குத் தெரிந்தால் போதும், அவளுடைய அடிவயிற்றிலும் அதே கத்தி இறங்கும். தூக்கத்திலும் இறங்கும். கோயிலில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போதும் இறங்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, கட்டினவனிடம்கூட.

சொல்ல முடியாததற்குக் காரணம் காலோ அத்தை. அப்பாவுக்கு அக்கா. பசிபிக் கடல் தீவுகளான டோங்காவில் அத்தை என்றால் சும்மா இல்லை. விருந்தில் முதல் பங்கு அவளுக்கு, சாவு வீட்டில் முதல் இடம் அவளுக்கு, அவள் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. அத்தை மனம் நோக நடந்தவளுக்குப் பிரசவம் சுலபத்தில் ஆகாது என்று அங்கே ஒரு நம்பிக்கை. ஒருத்தி வலி பொறுக்காமல் அலறினால், 'ஐயோ பாவம்' என்பதற்கு முன்னால் 'அத்தைக்கு என்ன பண்ணாளோ' என்றுதான் ஊர் கேட்கும். பெறுகிறவளின் கதறலையே அவளுக்கு எதிரான சாட்சியாக்குகிற ஊரை என்னவென்று சொல்ல!

முதல் பிரசவத்தின்போது காலோ அத்தை ஆஸ்பத்திரிக்கே வந்து, லோசேயின் தலைமாட்டில் உட்கார்ந்து, நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். "எனக்கு உன்மேல ஒரு குறையும் இல்ல கண்ணு. நீ சத்தம் போடாம பெத்தெடு. ஊர்க்காரி ஒருத்தி வாயைத் திறக்கக் கூடாது." அன்போடுதான் சொன்னாள். அந்த அன்புதான் லோசேயின் வாயைத் தைத்துவிட்டது.

குழந்தை இறங்கவில்லை. ஆபரேஷன் என்றார்கள். முதுகில் மரப்பு ஊசி போட்டார்கள். வயிற்றுக்கு மேலே பச்சைத் துணியைக் கட்டிவிட்டு, துணிக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டர் கேட்டார்: "எல்லாம் சரியா இருக்கா?" கால் ஒன்று கனத்துக் கிடந்தது. இன்னொன்றில் விரல்கள் அசைந்தன. அவள், "சரி டாக்டர்" என்றாள். கத்தி இறங்கியது. "வலிக்குதா?" என்று இன்னொரு குரல் கேட்டது. "இல்ல" என்றாள். சதையை இழுத்து விலக்குவது தெரிந்தது. உள்ளே கை போவது தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கூரை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. தாயாகிற சந்தோஷம் என்று நினைத்து நர்ஸ் துடைத்துவிட்டாள்.

மௌனம் சம்மதம் என்பார்களே, அன்றைக்கு அவள் மௌனத்தை எல்லோரும் மரத்துப்போனதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. ஊர் அவளைப் புகழ்ந்தது! அமேலியாவின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பன்றி சுட்டு, சேம்பிலைப் பொட்டலம் அவித்து, விருந்து நடுவில் காலோ அத்தை எழுந்து அந்தப் பிரசவத்தைப் பெருமையாகச் சொல்வாள். லோசே தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு வருஷமும் அந்த மேஜைமேல் மறுபடி படுப்பதுபோல இருக்கும்.

இப்போது இரண்டாவது. "முதல் தையல் இருக்கு. இதுவும் ஆபரேஷன்தான். செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்திரணும். வீட்டுல வலி எடுத்தா தையல் பிரிஞ்சு தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து" என்று ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பினார்கள். லோசே தலையாட்டினாள். ஆனால் மனசுக்குள் வேறு கணக்குப் போட்டாள். திங்கட்கிழமை பக்கத்துத் தீவுக்கு ஒரு படகு போகிறது. அங்கே அம்மாவின் சொந்தக்காரி ஒருத்தி பிரசவம் பார்ப்பாள். செத்தாலும் சாகலாம், அந்த விளக்குக்கு அடியில் மறுபடி படுக்க முடியாது.

சனிக்கிழமை பெண்கள் எல்லோரும் ஊர்க் கொட்டகையில் கூடியிருந்தார்கள். ஒரு கல்யாணத்துக்காக மரப்பட்டையைக் கொட்டாப்புளியால் அடித்துத் துணியாக்கிக்கொண்டிருந்தார்கள். சத்தத்துக்கு மேல் சத்தமாகப் பேச்சு. போன வாரம் பிரசவித்த ஒரு பெண்ணைப் பற்றி வம்பு வந்தது.

"தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சாம் அவ கூச்சல்" என்றாள் ஒருத்தி.

"அத்தைகாரிக்குப் பங்கு வைக்காம தின்னிருப்பா" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

காலோ அத்தை கொட்டாப்புளியை நிறுத்தாமலே சொன்னாள்: "எங்க லோசேயைப் பாருங்க. வயித்தைக் கிழிச்சப்பகூட ஒரு முனகல் இல்ல. செவ்வாக்கிழமையும் அப்படித்தான் பெத்துக்குவா. என்ன கண்ணு?"

லோசே நிமிர்ந்தாள். 'ஆமா அத்தை' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"வலிச்சுச்சு அத்தை!"

கொட்டாப்புளிகள் ஒவ்வொன்றாக நின்றன.

"என்னடி சொல்ற?"

"எனக்கு மரக்கவே இல்ல. கீறினது தெரிஞ்சுச்சு. கையை உள்ள விட்டது தெரிஞ்சுச்சு. உயிரோட மீனை அரியற மாதிரி அரிஞ்சாங்க அத்தை. கேட்டாங்க, நான் சரி சரின்னேன். உங்களுக்காகத்தான் சொன்னேன். நீங்க அதைப் பெருமையா சொல்லும்போதெல்லாம் எனக்கு உசுரு போகுது. என்னால செவ்வாக்கிழமை போக முடியாது. என்னை விட்ருங்க."

மூலையில் யாரோ ஒருத்தி முணுமுணுத்தாள்: "அவ்வளவு வலியா? அப்ப அத்தை மனசு நோக ஏதோ..."

"வாயை மூடு!" என்றாள் காலோ அத்தை. அந்தக் குரலை அந்தக் கொட்டகை அதுவரை கேட்டதில்லை. பெரிய உடம்பு அது. எழுந்திருக்க முடியாமல் முழங்காலாலேயே நகர்ந்து வந்தாள். லோசேயின் இரண்டு கைகளையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"நான் கதவுக்கு வெளியவேதானடி இருந்தேன்," என்றாள். "ஆபரேஷன் முடிஞ்சு வெளிய வந்தப்ப உன் உதடு கிழிஞ்சு ரத்தமா இருந்துச்சு. பார்த்தேன். பார்த்தும் கேக்கல. கேட்டா நீ சொல்லிருவியோன்னு பயம்."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். பிள்ளை பெறாதவள் காலோ அத்தை. அடுத்தவள் பொறுமையை வைத்துத் தனக்கு மாலை கட்டிக்கொண்டது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

திங்கட்கிழமைப் படகு லோசே இல்லாமல் போனது. அத்தையே மாகாவின் வண்டியில் அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மயக்க மருந்து டாக்டரம்மா ஹெய்லாலா சின்ன வயசுக்காரி. லோசே திக்கித் திணறிச் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"அன்னைக்கு அவங்க உங்க வார்த்தையை மட்டும் கேட்டிருக்காங்க. முகத்தையும் பார்த்திருக்கணும்" என்றாள். "நல்லாக் கேளுங்க. அமுக்குற மாதிரி இருக்கும், இழுக்குற மாதிரி இருக்கும், அது சகஜம். கீறுற வலி மட்டும் தெரியவே கூடாது. தெரிஞ்சா எங்க வேலை இன்னும் முடியலைன்னு அர்த்தம். உங்க தப்பு இல்ல."

"கத்தினா திட்டுவீங்களா?" என்று கேட்டாள் லோசே.

"கத்தலைன்னாதான் திட்டுவேன்."

செவ்வாய்க்கிழமை தலைமாட்டில் நிற்க அத்தையை உள்ளே விட்டார்கள். அதே கூரை விளக்கு. அதே பச்சைத் துணி. முதுகில் ஊசி போட்டுச் சற்று நேரம் கழித்து டாக்டரம்மா ஐஸ் துண்டு ஒன்றை எடுத்து, மரத்துவிட்டதா என்று வயிற்றில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இங்க ஜில்லுனு இருக்கா?"

"இல்ல."

"இங்க?"

வலது பக்கம் ஜில்லென்று இருந்தது. நன்றாகவே இருந்தது. துணிக்கு அப்பால் எல்லோரும் காத்துக்கொண்டிருக்கிறார்கள், பெரிய மனிதர்கள், அவர்கள் வேலை கெடுகிறது. நாக்கு பழகிய வழிக்கே போனது. "சரியா இருக்கு டாக்டர்" என்றாள்.

காலோ அத்தை குனிந்து காதோடு சொன்னாள்: "என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லாதடி. உன் உடம்பைக் கேட்டுச் சொல்லு."

"தெரியுது," என்றாள் லோசே. மெல்லத்தான் சொன்னாள். பிறகு அறை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "வலப்பக்கம் தெரியுது! நிறுத்துங்க! கத்தி வைக்காதீங்க!"

யாரும் முகம் சுளிக்கவில்லை. "நல்லவேளை சொன்னீங்க. யாரும் தொட மாட்டாங்க" என்றாள் டாக்டரம்மா. மருந்து வலப்பக்கமும் பரவட்டும் என்று மேஜையைச் சாய்த்துவிட்டுக் காத்திருந்தார்கள். மறுபடி ஐஸ் வைத்தார்கள். அப்போதும் கொஞ்சம் தெரிந்தது. சொன்னாள். மறுபடி ஊசி போட்டார்கள். மறுபடி வைத்துப் பார்த்தார்கள், கிள்ளியும் பார்த்தார்கள். "இதுக்கும் கேக்கலைன்னா முழுசாத் தூங்க வெச்சிருவோம். எது எப்படியானாலும் வலியோட உங்களைக் கிழிக்க மாட்டோம்" என்றாள் டாக்டரம்மா. லோசே அழுதுவிட்டாள். இவ்வளவுதானா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே இவ்வளவுதானா?

பிள்ளை பிறந்தான். யாரோ சட்டைப்பைக்குள் துழாவுவதுபோல வயிற்றுக்குள் ஏதோ அசைந்தது, அவ்வளவே. வலி இல்லை. ஆனால் பழைய வலி அங்கேயேதான் இருந்தது. விளக்கைப் பார்த்ததும் உடம்பு தானாக விறைத்தது. இந்தப் பிள்ளை பிறந்த நேரம் மனசில் சந்தோஷமாக நிற்கிறதுபோல அமேலியா பிறந்த நேரம் இனி ஒருநாளும் நிற்காது. அந்த நஷ்டத்தை எந்த ஊசியும் ஈடுகட்டாது.

மாலையில் ஊர்ப் பெண்கள் கூடையும் பூவுமாக வார்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். கொட்டகையில் முணுமுணுத்தவளும் வந்திருந்தாள். அவள்தான் கேட்டாள்: "என்னக்கா, இந்தத் தடவையும் சத்தமே இல்லாம பெத்தாளா?"

காலோ அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றாள்.

"கத்தினா. கூரை அதிரக் கத்தினா. அதனாலதான் வலியில்லாம பெத்தா. போய் ஊரெல்லாம் சொல்லு" என்றாள். "இன்னொண்ணும் சேர்த்துச் சொல்லு. வலிக்குதுன்னு சொல்றது அவமானம் இல்ல. சொன்னவளை நம்பாம, சொல்லாதவ அடக்கத்தை மெச்சிக்கிட்டு உக்காந்திருக்கோமே, நாமதான் வெக்கப்படணும். நம்ம ஊருல பொண்ணுங்களுக்கு வலிக்காம இல்லடி. நாமதான் கேக்கல."

பின்னால் நின்ற நடுவயசுக்காரி ஒருத்தி, மூன்று பிள்ளை பெற்றவள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரமாகத் திரும்பி நின்று அழ ஆரம்பித்தாள்.