பொற்கொடி எழுதாத நோட்டு

கறுப்புப் பெட்டி ஒன்றைப் பொற்கொடியின் கழுத்தில் தொங்கவிட்டு, அதிலிருந்து புறப்பட்ட ஒயர்களை நெஞ்சில் ஒட்டி முடித்தபின், கடலூர் டாக்டரம்மா ஒரு சின்ன நோட்டையும் அவள் கையில் கொடுத்தார்.

"இந்தப் பெட்டி நாளைக்குக் காலை வரைக்கும் உங்க இதயத் துடிப்பைப் பதிவு பண்ணிக்கிட்டே இருக்கும். படபடப்பு வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, அப்ப மணி என்ன, என்ன வேலையா இருந்தீங்கன்னு நோட்டுல எழுதிடுங்கம்மா. ரெண்டையும் வெச்சுப் பார்த்தாத்தான் எனக்குத் தெளிவாத் தெரியும். குளிக்க மட்டும் வேண்டாம்."

பொற்கொடி தலையாட்டினாள். அவளைவிட வேகமாக அவள் கணவர் வைத்திலிங்கம் தலையாட்டினார்.

"நான் பாத்துக்கறேன் மேடம். ஒண்ணு விடாம எழுத வெச்சிடறேன்."

நெய்வேலிக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தப் பெட்டியின் மேல் யாரும் இடித்துவிடாமல் கையை அணைபோல வைத்துக்கொண்டே வந்தார். மூன்று வாரமாக அவர் இப்படித்தான் இருந்தார். அதற்கு முந்தைய இரண்டு வருஷம் அப்படி இல்லை.

முதல் தடவை பொற்கொடி சொன்னது பொங்கலுக்கு வீட்டை ஒட்டடை அடித்த அன்று. "இன்னாங்க, நெஞ்சுக்குள்ள கோழியப் புடிச்சி அடைச்ச மாதிரி அடிச்சிக்குது" என்றாள். அவர் சீரகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அடுத்த மாதம் மறுபடி சொன்னாள். அதற்கடுத்து இரண்டு முறை. கடைசியில் சலித்துக்கொண்டே டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, அவள் பெயரைக் கூப்பிடுவதற்குள் கோழி அடங்கிவிட்டது. ஈ.சி.ஜி. சுத்தமாக வந்தது. "இப்ப நார்மலா இருக்கு. மறுபடி வந்தா உடனே வாங்க, அந்த நேரத்துல எடுத்துப் பார்க்கணும்" என்றார் அங்கிருந்த டாக்டர். அதில் முதல் பாதிதான் வைத்திலிங்கத்தின் காதில் ஏறியது.

"மெஷினே சொல்லிடுச்சி. மெஷினு பொய் சொல்லுமா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து அது வீட்டில் ஒரு வேடிக்கையாகிப் போனது. குக்கர் நாலாவது விசில் அடித்தால், "அய்யய்யோ, எங்கூட்டம்மாவுக்குப் படபடப்பு வந்துடப் போவுது" என்பார். மகள் இளவேனிலின் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால், "இவளுக்குக் கரண்ட் பில்லு வந்தாக்கூட நெஞ்சு அடிச்சிக்கும்" என்று சொல்லி, பந்தியில் இருந்த அத்தனை பேரையும் சிரிக்க வைத்தார். வடையைப் பரிமாறிக்கொண்டிருந்த பொற்கொடியும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. சரியாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வைத்திலிங்கம் கெட்டவர் இல்லை. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் ஃபோர்மேன். அந்தப் பக்கத்தில் அவர் பெயருக்கு ஒரு மரியாதை உண்டு. ஒருமுறை, ஒரு கியர்பாக்ஸில் சத்தம் வருகிறது என்று ஆபரேட்டர் பையன் திரும்பத் திரும்பப் புகார் சொன்னான். புது இன்ஜினீயர் வந்து பார்த்தபோதெல்லாம் அது வெண்ணெய் மாதிரி ஓடியது. பையன் வேலைக்குச் சோம்பிப் புளுகுகிறான் என்று இன்ஜினீயர் முடிவுகட்டிவிட்டார். வைத்திலிங்கம்தான் குறுக்கே போனார். "சார், நீங்க வந்தப்ப நல்லா ஓடுதுன்னா கோளாறு இல்லன்னு அர்த்தமா? பொய் சொல்லி அவனுக்கு இன்னா ஆவப் போவுது?" மூன்று ஷிஃப்ட் அதன் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் சத்தம் வந்தது. பிரித்துப் பார்த்தால் பேரிங் பொடிப்பொடி.

இதை வீட்டில் வந்து பொற்கொடியிடம் பெருமையாகச் சொன்னதும், அவளைக் கேலி பேசத் தொடங்கிய அதே வருஷம்தான். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்து ரசத்தை ஊற்றினாள்.

மூன்று வாரத்துக்கு முன்பு, முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பி அவர் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, காப்பி டம்ளரோடு வந்த பொற்கொடி எதையோ சொல்ல வாயெடுத்தாள். வார்த்தை வரவில்லை. குழந்தை குழறுவது போல ஏதோ வந்தது. வலது கையிலிருந்து டம்ளர் நழுவித் தரையில் உருண்டது.

"இன்னா, காலங்காத்தால விளையாட்டு?" என்றார் வைத்திலிங்கம்.

பிறகுதான் அவள் கண்ணைப் பார்த்தார்.

பத்தே நிமிஷம். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரரின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் பேச்சு திரும்பிவிட்டது. ஆனால் டாக்டர்கள் விடவில்லை. மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் தடைப்பட்டிருக்கிறது, இது எச்சரிக்கை மணி, அடுத்த தடவை பத்து நிமிஷத்தில் திரும்பாமல் போகலாம் என்றார்கள். காரணம் இதயத்தில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கடலூர், கறுப்புப் பெட்டி, நோட்டு எல்லாம்.

லீவு போட்டுவிட்டு, பெட்டியோடு வீட்டுக்கு வந்த அன்று முழுவதும் வைத்திலிங்கம் பொற்கொடியைத் துரும்பைக்கூட எடுக்க விடவில்லை. ரசம் வைத்தார். உப்புக் கொஞ்சம் தூக்கல். மணிக்கொரு தரம், "எதனா பண்ணுதா? பண்ணா எழுதிடு" என்றார். அவள் "ம்" என்றாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு, அதே பிளாக்கில் இருக்கும் கொளஞ்சிநாதன் வந்தார். இருபது வருஷமாக ஒன்றாக ஷிஃப்ட் பார்த்தவர்.

"இன்னா தங்கச்சி, கழுத்துல ரேடியோ கட்டிகினுகீற? எந்த ஸ்டேஷன் வருது?"

"கொழும்புதாண்ணே" என்றாள் பொற்கொடி.

"வைத்தி, மோட்டாரு வைண்டிங் போயிருக்கும்யா. நம்ம வொர்க்‌ஷாப்புலயே சுத்திக் குடுத்திருப்பேனே. எதுக்குக் கடலூரு?"

"அவளுக்கு மோட்டாரெல்லாம் நல்லாத்தான் ஓடுது. ஸ்விட்சப் பாத்தாலே ஷாக் அடிக்குதும்பா, அதான் கோளாறு" என்று வைத்திலிங்கத்தின் வாய் பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டது. இரண்டு பேரும் சிரித்தார்கள். பொற்கொடியும் சிரித்துக்கொண்டே டீ போட எழுந்தாள். அவர் தடுத்தும் கேட்கவில்லை. அடுப்படியில் அவள் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றதை அவர் இங்கிருந்தே பார்த்தார். பால் பொங்கக் காத்திருக்கிறாள் என்று நினைத்தார். டீயும் முறுக்கும் வந்தன. கொளஞ்சிநாதன் கிளம்ப எட்டு மணி ஆயிற்று.

மறுநாள் காலை பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளிடம் நோட்டை வாங்கிப் புரட்டினார். ஒரு எழுத்துகூட இல்லை. அவருக்கு உடம்பே லேசானது.

"பாத்தியா, ஒண்ணுமே வரல. நான் அப்பவே சொன்னேன். சும்மா பயந்துட்டோம்."

பொற்கொடி நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு வண்டிகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா கணினியில் வெகுநேரம் எதையோ நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், கடைசிப் பக்கம்.

"நேத்து சாயந்திரம் அஞ்சு நாற்பதுலேருந்து ராத்திரி எட்டரை வரைக்கும் உங்க இதயம் தாறுமாறா ஓடியிருக்கும்மா. நூத்தி அம்பதைத் தாண்டி. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் சம்பந்தமே இல்ல. இதுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு பேரு. இதயத்தோட மேல் அறைங்க சுருங்கி விரியறதுக்குப் பதிலா சும்மா நடுங்கிக்கிட்டு இருக்கும். அப்ப ரத்தம் ஒழுங்காப் போகாம அங்கேயே தேங்கும். தேங்கின இடத்துல கட்டியாகி, அந்தக் கட்டி மூளைக்குப் போச்சுன்னா பக்கவாதம். உங்களுக்கு அன்னிக்குப் பேச்சு போனது இதனாலதான் இருக்கணும்."

"மேடம், மின்ன எடுத்த ஈ.சி.ஜி.யில..." என்று ஆரம்பித்தார் வைத்திலிங்கம்.

"இது வந்து வந்து போறது சார். வராத நேரத்துல எடுத்தா நார்மலாத்தான் இருக்கும்." டாக்டரம்மா பொற்கொடியிடம் திரும்பினார். "நேத்து உங்களுக்குத் தெரியவே இல்லையாம்மா? சில பேருக்குத் தெரியாது."

பொற்கொடி முந்தானை நுனியைச் சுருட்டினாள்.

"தெரிஞ்சிதுங்க."

"அப்ப ஏன் எழுதல?"

"எழுதுனா அவரு படிப்பாருங்களே."

குழம்பில் புளி குறைகிறது என்பதுபோல, சாதாரணமாகத்தான் சொன்னாள். குற்றம் சாட்டும் குரலே இல்லை. டாக்டரம்மா அவரைப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று வைத்திலிங்கத்துக்குத் தோன்றியது. அவர் பார்க்கவில்லை, நாசூக்காகத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். வைத்திலிங்கத்துக்குக் காது மடல் வரை எரிந்தது. ஐந்து நாற்பது. எந்த ஸ்டேஷன் வருது, கொழும்புதாண்ணே. அடுப்படி மேடை. அத்தனை நேரமும் அவளுக்குள் அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதோடு முறுக்கைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்து, அவருடைய கேலிக்குச் சிரிக்கவும் செய்திருக்கிறாள்.

"இது எவ்வளவு நாளா இருக்கும்மா? மாத்திரை முடிவு பண்ண எனக்குச் சரியாத் தெரியணும்."

"ஒரு மாசமாத்தாங்க" என்றாள் பொற்கொடி சட்டென்று.

அவருக்காகச் சொன்ன பொய் அது. அப்படியே விட்டுவிட்டால் அவர் மானம் அந்த அறையில் தப்பிவிடும். வைத்திலிங்கம் ஒரு நிமிஷம், உண்மையிலேயே ஒரு நிமிஷம், சும்மா இருந்தார். பின்னால் அதை நினைத்துத்தான் அவர் அதிகம் கூசினார்.

"இல்ல மேடம்" என்றார். "ரெண்டு வருசம். அவ சொல்லிகினேதான் இருந்தா. நாந்தான் கேலி பண்ணி வாய மூட வெச்சிட்டேன். நாலு பேரு மின்னாடி வெச்சி."

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும்மா?"

அது அவருக்குத் தெரியாது. பொற்கொடி அவர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "வாரத்துல ரெண்டு மூணு வாட்டி வரும்ங்க" என்றாள்.

ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, துடிப்பைக் கட்டுப்படுத்த ஒன்று. ஒரு நாள்கூட விடக்கூடாது, நாமாக நிறுத்தவும் கூடாது. பேச்சு குழறினாலோ, கை மரத்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. மாத்திரை ஆரம்பித்த பிறகும் படபடப்பு வரலாம், வந்தால் நோட்டில் எழுத வேண்டும். டாக்டரம்மா நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அதை வாங்க வைத்திலிங்கம் கை நீட்டவில்லை.

ஊர் திரும்பியபோது பிளாக் முனையில் கொளஞ்சிநாதன் சைக்கிளை நிறுத்தினார். "இன்னா தங்கச்சி, ரேடியோவப் புடுங்கிகினாங்களா? பாட்டு நல்லாப் பாடுச்சா?"

"கொளஞ்சி, இனிமே அந்தப் பேச்சு வேணாம்யா" என்றார் வைத்திலிங்கம். "அவ சொன்னதெல்லாம் நெசம். ரெண்டு வருசமா நெசம். நாந்தான் உங்களையெல்லாம் சேத்துகினு சிரிச்சேன்."

கொளஞ்சிநாதனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "அய்யோ, தங்கச்சி, நான் சும்மா..." என்று முனகிவிட்டு, பெல்லைக் காரணமில்லாமல் ஒருமுறை அடித்துவிட்டுப் போனார்.

வீட்டுக்குள் வந்ததும் பொற்கொடி சொன்னாள்: "அவரு மொகம் சுண்டிப் பூடுச்சி. அவர ஏன் நடுத்தெருவுல வெச்சி அப்படி? ஆரம்பிச்சி வெச்சது அவரா?"



அன்று மாலை நோட்டை ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். ஒரு பேனாவையும் பக்கத்தில் வைத்தார். "நீ எழுதி வையி. டாக்டரு மட்டும் பாக்கட்டும். நான் தொறக்க மாட்டேன்" என்றார். பொற்கொடி அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீரை வடித்துவிட்டு உலையைப் பார்க்கப் போனாள்.

ஒரு வாரம் நோட்டு வைத்த இடத்தில் அசையாமல் இருந்தது. ஃபிரிட்ஜைத் துடைக்கும்போதுகூட அவர் அதைச் சுற்றியே துடைத்தார். எழுதுகிறாளா, எழுத ஒன்றும் வரவில்லையா, வந்தும் எழுதவில்லையா? தெரிந்துகொள்ள நெஞ்சு அடித்துக்கொண்டது. கேட்கும் தகுதியைத் தானே கெடுத்துக்கொண்டதும் தெரிந்திருந்தது. மாத்திரை அட்டையை மட்டும் தினமும் எண்ணிப் பார்த்தார். அது சரியாகக் குறைந்துகொண்டு வந்தது.

ஒன்பதாம் நாள் முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். பொற்கொடி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. அவள் தட்டை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"மணி இன்னாங்க?"

வைத்திலிங்கம் ஈரக் கையோடு அப்படியே நின்றார். இரண்டு வருஷத்தில் வாயில் ஊறிப்போன பத்துப் பதினைந்து கேலி வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

"மூணு இருவது" என்றார்.

நோட்டை எடுத்துக் கொடுத்தார். அவள் ஒரு கோடு கிழித்துப் பார்த்தாள். பேனா எழுதவில்லை, ஒன்பது நாள் மூடியில்லாமல் கிடந்து காய்ந்திருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை நீட்டிவிட்டு, அவள் எழுதுவது கண்ணில் படாதபடி சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.